முதலில் அசையும் கால்

எங்கள் பி.டி. சாரிடம் "டீயா, காபியா?" என்று கேட்டால், "நீங்க சொல்றதுதான் டீச்சர்" என்பார். டீ வந்தால், "காபின்னா நல்லா இருந்திருக்கும், பரவால்ல விடுங்க" என்பார். காபி வந்தால், "இந்த வெயில்ல காபியா?" என்று டம்ளரை ஒரு பார்வை பார்ப்பார். பிறகு சொட்டு மிச்சமில்லாமல் குடித்துவிடுவார். வாங்கி வந்தவர்தான் ஏதோ குற்றம் செய்தவர் போலக் காலி டம்ளரை எடுத்துக்கொண்டு போவார். ஆண்டிமடத்திலிருந்து டவுன் பஸ்ஸில் உள்ளே போக வேண்டிய அந்தப் பள்ளிக்கு நான் கணக்கு டீச்சராகப் போன புதிதில் இதைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்திருக்கிறேன். தனக்கு என்ன வேண்டும் என்று சொல்லத் தெரியாத அப்பாவி மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒல்லியான ஆள். சாக்பீஸ் தேய்த்து வெளுக்க வைத்த கேன்வாஸ் ஷூ. கழுத்தில் விசில் தொங்கும், ஊதி நான் அதிகம் கேட்டதில்லை. யார் முகத்தையும் பார்த்துப் பேச மாட்டார். எதிரில் நிற்பவர் காலைப் பார்த்துத்தான் பேசுவார். அது அவருக்கு ஊருக்குள் பெரிய நல்ல பெயரை வாங்கிக் கொடுத்திருந்தது. "பொம்பளப் புள்ளைங்கள நம்பி அனுப்பலாம்ங்க, குனிஞ்ச தல நிமிராத மனுசன்" என்று தாய்மார்கள் சொல்வார்கள். அவர் எதற்காகக் குனிகிறார் என்று யாரும் யோசிக்கவில்லை. நானும்தான் யோசிக்கவில்லை, எனக்கு என்ன வந்தது?

தலைமையாசிரியர் விவகாரத்தில்தான் முதலில் எனக்கு ஏதோ நெருடியது. சின்ன வகுப்புகள் தகரக் கொட்டகையில் நடந்துகொண்டிருந்தன. புதுக் கட்டடம் கட்டுவதென்றால் விளையாட்டு மைதானத்தில்தான் கட்ட வேண்டும், வேறு இடமில்லை. தலைமையாசிரியர் நல்ல மனிதர். கட்டடம் பற்றி பி.டி. சாரைத் தனியாகக் கூப்பிட்டு, "கிரவுண்ட விட்டுக் குடுக்குறீங்களா சார், இல்ல வேணுமா? மனசுல இருக்கறதச் சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறார். "ஐயா சொல்றதுதான்" என்று வந்துவிட்டார் இவர். அடுத்த பெற்றோர் கூட்டத்தில், யாரும் கேட்காமலேயே எழுந்தார்.

"கிரவுண்டு போனா நம்ம புள்ளைங்களுக்கு விளையாட்டு போச்சு. கட்டடம் வரலன்னா சின்னஞ்சிறுசுங்க தகரத்துக்குக் கீழ வேகணும். ரெண்டுல எதுன்னு ஐயா இப்ப சொல்வாங்க. ஐயா என்ன சொன்னாலும் நமக்குச் சரிதான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

கூட்டம் இரண்டாகப் பிரிந்து கத்தியது. மேடையில் நின்ற தலைமையாசிரியர் வேர்த்து வழிந்தார். ஒரு எட்டு முன்னால் வைத்தார், பின்னால் வைத்தார். கடைசியில் மைதானம் இருக்கட்டும் என்றார். அன்றிலிருந்து எந்தக் குழந்தைக்கு வேனல் கட்டி வந்தாலும், எவன் மயங்கி விழுந்தாலும் திட்டு அவருக்குத்தான். கட்டடம் என்று சொல்லியிருந்தால் வேறு ஒரு கூட்டம் திட்டியிருக்கும். கோடை முடிவதற்குள் பிரஷர் மாத்திரையும் கையுமாக மாறுதல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். பிரிவு உபசார விழாவில் மாலை போட்டுப் பேசியவர் நம் பி.டி. சார். "எல்லா முடிவையும் தானே எடுத்தவங்க எங்க ஐயா" என்று மனதாரப் பாராட்டினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு நான் கபடிக்குள் வந்து மாட்டினேன். பெண்கள் அணி வெளியூர் போனால் ஒரு டீச்சர் கூடப் போக வேண்டும். கைக்குழந்தை இல்லாதவள், மாமியார் இல்லாதவள் என்று பார்த்து என் தலையில் கட்டினார்கள். எனக்குக் கபடி என்றால் மூச்சு விடாமல் பாடிக்கொண்டு போய் யாரையாவது தொட்டுவிட்டு ஓடி வர வேண்டும் என்பதற்கு மேல் தெரியாது. ஒருநாள் ஆசிரியர் அறையில் அவர் தன் திட்டத்தை எனக்கு விளக்கினார். மேசை மேல் முந்திரிக்கொட்டைகளை அரைவட்டமாக அடுக்கினார். எங்கள் பக்கத்தில் முந்திரிக்கொட்டைக்குப் பஞ்சமா? ஓட்டு எண்ணெய் பட்டு அவர் விரல் நுனிகள் எப்போதும் கறுத்துத் தோல் உரிந்திருக்கும்.

"ஏழு பேர் நிக்கிறாங்க டீச்சர். எல்லா கோச்சும் என்ன சொல்லிக் குடுப்பான்? இவளத் தொடணும்னு முடிவு பண்ணிட்டுப் போன்னு சொல்லுவான். முடிவு பண்ணிட்டுப் போனா மூஞ்சியில தெரிஞ்சிடும், அமுக்கிடுவாங்க. நம்ம புள்ள எதையும் முடிவு பண்ணாது. கோட்ட ஒட்டிக் குறுக்கால ஓடிக்கிட்டே இருக்கும். ஆறு பேர மறந்துடும். ஒருத்திய மட்டும் பாக்கும்."

ஓரத்திலிருந்த கொட்டையைக் கறுத்த விரலால் தொட்டார். "இவ ஓரத்துக்காரி, கார்னர். இவ முன்னால வந்தான்னா இவ பின்னாடி போனஸ் கோடு தொறந்து கெடக்கும், கால வச்சிட்டு வந்தா ஒரு பாயிண்டு. வராம பின்னாலயே நின்னான்னா இவ பக்கத்துல இருக்கறவளுக்குத் தொண இல்ல, ஓட்டத்துலயே தொட்டுட்டு வந்துடலாம். நாம எதுவும் தேர்ந்தெடுக்க வேணாம். இவ தேர்ந்தெடுக்கட்டும். இவ எத எடுக்குறாளோ, நாம மத்தத எடுத்துக்குவோம்."

"அப்ப அந்தப் பொண்ணு என்ன பண்ணாலும் தப்புதானா சார்?"

"தப்புன்னு நாம எங்க டீச்சர் சொன்னோம்? அத அவ டீமே சொல்லிடும்."

கணக்கு படித்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அது அழகான கணக்கு. ஒரே ஒரு புள்ளியை மட்டும் கட்டாமல் விட்டுவிட்டு, மொத்த விடையையும் அதன் தலையில் வைப்பது. அழகாக இருந்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

அவர் சொல்லிக்கொடுத்த விதத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. மைதானத்தில் இரண்டு கம்பு நட்டு, தன் பழைய எட்டு முழ வேட்டியைக் குறுக்கே கட்டுவார். கீழே முழங்கால் உயரத்துக்கு இடைவெளி விட்டிருப்பார். தடுக்கிற பெண்கள் வேட்டிக்கு அந்தப் பக்கம் நிற்பார்கள். ஓடுகிற பெண்ணுக்கு அவர்கள் முகம் தெரியாது, உடம்பு தெரியாது. வேட்டிக்குக் கீழே வெறும் பாதங்கள் வரிசையாக நிற்பது மட்டும் தெரியும்.

"மூஞ்சி பொய் சொல்லும். கண்ணு பொய் சொல்லும். காலுக்கு அந்தச் சாமர்த்தியம் கெடையாது. எந்தக் குதிகால் மொதல்ல மண்ண விட்டு எழும்புதோ, அதுதான் அவ மனசு. ஓடு!"

மற்ற பெண்கள் இதில் தட்டுத் தடுமாறினார்கள். துர்காவுக்கு மட்டும் பார்த்தவுடன் பிடிபட்டுவிட்டது. பத்தாம் வகுப்புப் பெண். அப்பா இல்லை, அம்மா முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலைக்குப் போகிறவர். என் வகுப்பில் கேள்வி கேட்டே உயிரை எடுப்பாள். அங்கேயும் கேட்டாள்.

"சார், அந்த ஓரத்துக்காரி முன்னாலயும் வராம, பின்னாலயும் போகாம, அசையாம நின்னுட்டா?"

அவர் சிரித்து நான் பார்த்த சில தடவைகளில் அது ஒன்று. "நிக்க முடியாது புள்ள. ஒருத்தர் உன்னையே பாத்துக்கிட்டு நிக்கும்போது உன்னால சும்மா நிக்க முடியுமா? ஒரு கால் அசஞ்சே தீரும். தலைமையாசிரியராலயே முடியலையே" என்றார்.

பெண்கள் சிரித்தார்கள். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை.

பெரம்பலூரில் நடந்த பள்ளிகளுக்கிடையிலான போட்டிக்கு எங்களை விடிந்ததும் கிளப்பிக் கொண்டுபோனார். மற்ற பள்ளிகள் வருவதற்கு முன்பே போய், மைதானத்து வாசல் படியில் உட்கார்ந்துகொண்டார். கையில் ஒரு வாழைப்பழம். ஒவ்வொரு பஸ்ஸாக வந்து நிற்க, பெண்கள் இறங்கினார்கள். அவர் தலையைக் குனிந்து பஸ் படியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதுக்கு சார் இவ்வளவு சீக்கிரம்?" என்றேன்.

"பஸ்ஸ விட்டு எறங்கும்போது யாரும் ஜாக்கிரதையா இருக்க மாட்டாங்க டீச்சர். எந்தக் கால்ல பயம் இருக்குதோ, அந்தக் கால மெதுவா வைப்பாங்க."

பூலாம்பாடிப் பக்கத்திலிருந்து ஒரு அணி வந்து இறங்கியது. அதில் நீல ரிப்பன் கட்டிய பெண் ஒருத்தி கம்பியைப் பிடித்துக்கொண்டு, இடது காலை மட்டும் மெல்லத் தரையில் ஊன்றினாள். யாருக்கும் தெரியக்கூடாது என்று உடனே நிமிர்ந்து வேகமாக நடந்தாள். அவர் வாழைப்பழத் தோலை உரித்தார்.

"இவதான்" என்றார்.

இறுதி ஆட்டம் அந்த அணியோடுதான். நீல ரிப்பன் பெண் இடது ஓரத்தில் நின்றாள். துர்கா பாடிக்கொண்டு போனாள், கோட்டை ஒட்டிக் குறுக்கே ஓடினாள், அந்தப் பெண்ணுக்கு முன்னால் வந்ததும் தலையைத் தாழ்த்தினாள். அவள் முன்னால் வந்தாள், துர்கா போனஸ் எடுத்துவிட்டுத் திரும்பினாள். "ஏன்டி முன்னால போன?" என்று அவர்கள் கேப்டன் கத்தினாள். அடுத்த தடவை அந்தப் பெண் பின்னாலேயே நின்றாள், துர்கா பக்கத்தில் நின்றவளைத் தொட்டுவிட்டு ஓடி வந்தாள். "ஏன்டி மரம் மாதிரி நின்ன?" என்று அதே கேப்டன் கத்தினாள். திரும்பத் திரும்ப இதே கதை. துர்கா அவள் மேல் ஒரு விரல்கூட வைக்கவில்லை. அந்தப் பெண் அழ ஆரம்பித்துவிட்டாள். அழுதுகொண்டே நின்றாள், அவள் அணியில் ஒருத்தியும் அவள் பக்கம் திரும்பவில்லை. அவள் அம்மா அங்கே இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று எனக்குள் ஓடியது.

கடைசியில் அவள் ஒன்றையும் யோசிக்காமல் துர்காவின் கால்களை நோக்கிப் பாய்ந்தாள். துர்கா விலகிவிட்டாள். அந்தப் பெண்ணின் இடது முழங்கால் தரையில் மடங்கி, உடம்பு அதன் மேல் விழுந்தது. காய்ந்த முருங்கைக் கொம்பு ஒடிகிற மாதிரி ஒரு சத்தம், வெளியில் உட்கார்ந்திருந்த எனக்கே கேட்டது. அவளைத் தூக்கி வேனில் ஏற்றும்போது, "நான் வரணுமா நிக்கணுமான்னு யாராவது சொல்லியிருக்கலாம்ல" என்று தன் டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு கதறினாள்.

"சார், அந்தப் பொண்ணுக்கு முட்டி சரியில்லன்னு தெரிஞ்சுதானே இதைச் செஞ்சீங்க?" என்று நான் நேராகவே கேட்டேன்.

"நாம தொடவே இல்லையே டீச்சர். அவதானே வந்தா" என்றார். குரலில் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. ஜெயித்த கோப்பையைத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் பெண்கள் பாட்டும் கைதட்டலுமாக வந்தார்கள். துர்கா மட்டும் ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்து வந்தாள். அரியலூர் தாண்டியதும் எழுந்து அவர் சீட்டுக்கு முன்னால் போய் நின்றாள்.

"சார், அவளுக்கு அடிபட்டிருந்தது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"உன் கண்ணு பாத்துச்சு. உன் காலு ஓடுச்சு. நான் வெளியில உக்காந்திருந்தேன்" என்றார் அவர், அவள் செருப்பைப் பார்த்தபடி. "வருத்தமா இருந்தா விளையாட வேணாம். விளையாடணும்னா வருத்தப்பட வேணாம். உன் இஷ்டம்தான் புள்ள."

அவள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "டீச்சர், அந்தப் பொண்ணு பேரு என்ன?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. எங்கள் எல்லாருக்கும் அவள் நீல ரிப்பன்தான்.

இதற்கு நடுவில் ஒருமுறை அவர் வீட்டுக்குப் போனேன். என் அண்ணன் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்குப் பத்திரிகை வைக்கப் போயிருந்தேன். அவர் மனைவி நல்ல மாதிரியாகப் பேசினார். சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று பிடித்து உட்கார வைத்தார். இலையில் சோறும் வந்தது, சப்பாத்தியும் வந்தது. சாம்பாரும் இருந்தது, காரக்குழம்பும் இருந்தது. மோரும் தயிரும் தனித்தனியாக இருந்தன. "எதுக்குக்கா இவ்வளவு? நான் ஒருத்திதானே" என்றேன்.

"எப்பவுமே இப்படித்தாம்மா. இது வேணுமா அது வேணுமான்னு கேட்டா உன் இஷ்டம்பாங்க. ஒண்ண மட்டும் வச்சா மொகம் சுருங்கும். அதான் கேக்கறதையே வுட்டுட்டேன், எல்லாத்தையும் ரெண்டு ரெண்டா வச்சிடுவேன்" என்று அந்த அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார். சமையலறை வாசலில் ஒரு திரை தொங்கியது, தரைக்கு எட்டாத குட்டைத் திரை. அவர் மனைவி உள்ளே போனதும் திரைக்குக் கீழே அந்த அம்மாவின் பாதங்கள் தெரிந்தன. பி.டி. சார் பேச்சின் நடுவே அதைப் பார்த்துவிட்டு, "உப்பு எடுத்துட்டு வர்றா" என்றார். அந்த அம்மா உப்போடு வந்தார். நான் இலையை மடித்துவிட்டு எழுந்தேன்.

அரியலூரில் நடக்கவிருந்த ஆட்டத்தைப் பார்க்க விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுப்பவர்கள் வருகிறார்கள் என்று செய்தி வந்தது. விடுதியில் இடம் கிடைத்தால் துர்காவுக்குச் சாப்பாடு, படிப்பு, பயிற்சி எல்லாம் இலவசம். கிடைக்காவிட்டால் பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு அம்மாவோடு கொட்டை உடைக்கப் போக வேண்டியதுதான் என்று வீட்டில் பேச்சு. அந்த நேரம் பார்த்துப் பயிற்சியில் அவள் கணுக்கால் பிசகியது. பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. நானும் அவள் அம்மாவும்தான் ஜெயங்கொண்டம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். டாக்டர் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒளிவு மறைவில்லாமல் சொன்னார். "தசைநார் பாதி கிழிஞ்சிருக்கு. இப்ப ஓய்வு குடுத்தா சேர்ந்துடும். இதோட ஓடுனா முழுசும் போயிடும், அப்புறம் நடக்கவே கஷ்டப்படும்." இதை நான் வந்து பி.டி. சாரிடம் அப்படியே சொன்னேன். கேட்டுக்கொண்டார்.

ஆட்டத்தன்று வெயில் கொளுத்தியது. மைதானத்துக்கு வெளியே சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓயாமல் போய்க்கொண்டிருந்தன, புளியமரத்து இலையெல்லாம் வெள்ளைப் பூச்சு. துர்கா விளையாட்டு உடையில் வந்திருந்தாள், கணுக்காலில் கட்டு. கூடவே அவள் அம்மா. விடுதிக்காரர்கள் எதிர்ப்பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். பி.டி. சாரின் பையில் வலியை மரத்துப்போகச் செய்யும் ஸ்பிரேயும் புதுக் கட்டுத் துணியும் இருந்தன. அதே சமயம், துர்காவுக்குப் பதிலாக இறங்க வேண்டிய ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்கு எண் போட்ட பனியனையும் மாட்டி ஓரமாக உட்கார வைத்திருந்தார். எல்லாம் ரெண்டு ரெண்டாகத் தயார். அந்த வீட்டுச் சமையல் எனக்கு ஞாபகம் வந்தது.

அணி முழுவதையும் வட்டமாக நிறுத்தினார். அம்மாவையும் பக்கத்தில் கூப்பிட்டுக்கொண்டார்.

"நான் எதுவும் சொல்ல மாட்டேன். துர்கா எறங்குனா நாம ஜெயிப்போம், அதுக்கு விடுதியிலயும் எடம் கெடைக்கும். எறங்கலன்னா காலு பத்திரம், ஆனா இத்தனை பேர் உழைப்பும் போச்சு. ரெண்டும் அதுக்கே தெரியும். பெரிய புள்ள, அதுவே சொல்லட்டும்."

அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். "சார், நீங்க பெத்தவரு மாதிரி. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க" என்றார்.

"நான் சொன்னா நாளைக்கு ஒரு பேச்சு வரும்மா."

எனக்குப் பொறுக்கவில்லை. "டாக்டர் சொன்னது உங்களுக்குத் தெரியும் சார். வேணாம்னு சொல்றதுக்கு என்ன யோசனை? துர்கா, நான் சொல்றேன், நீ எறங்காத. ஆட்டம் போனா போகட்டும்" என்றேன்.

"டீச்சர் அவங்க கருத்தச் சொல்லிட்டாங்க" என்றார் அவர் அமைதியாக. "முடிவு உன்னுதுதான் துர்கா."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்தார். அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. கட்டுப் போட்ட அந்தக் காலையும் கட்டில்லாத காலையும் பார்த்துக்கொண்டிருந்தார். பெரம்பலூர் வாசல் படியில் உட்கார்ந்து பஸ் படியைப் பார்த்தாரே, அதே பார்வை. அவள் ஒரு எட்டு முன்னால் வைத்தால் ஸ்பிரேயை எடுப்பார். பின்னால் வைத்தால் ஒன்பதாம் வகுப்புப் பெண்ணைக் கூப்பிடுவார். எது நடந்தாலும் அதைச் செய்தது துர்காதான்.

துர்கா அசையவில்லை.

இரண்டு பாதங்களையும் சேர்த்து வைத்துக்கொண்டு நின்றாள். வலித்திருக்கும், நெற்றியில் வேர்வை முத்துமுத்தாக நின்றது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். நடுவர் விசில் ஊதி அணியைக் கூப்பிட்டார். அவள் அசையவில்லை. "ஏய், என்னடி?" என்று கேப்டன் தோளைத் தொட்டாள். அப்போதும் அசையவில்லை.

"சார்" என்றாள். "அந்தப் பூலாம்பாடிப் பொண்ணு நின்ன எடத்துல என்னைய நிக்க வச்சிருக்கீங்க. நான் நிக்கிறேன். டீச்சர் வேணாம்னு சொல்லிட்டாங்க. எனக்குச் சொல்லிக் குடுத்தது நீங்க, நீங்க வாயத் தொறந்து சொல்லுங்க. எறங்குன்னா எறங்குறேன். வேணாம்னா உக்கார்றேன். நான் எதுக்கும் ஏன்னு கேக்க மாட்டேன்."

ஒரு லாரி போய் முடிந்தது, தூசி எங்கள் மேல் வந்து படிந்தது. அம்மாவின் விசும்பல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அது நடந்தது. யாரும் சொல்லவில்லை. வட்டமாக நின்ற பெண்கள் எல்லாரும் தலையைக் குனிந்தார்கள். வேட்டிக்குக் கீழே பார்த்துப் பார்த்துப் பழகிய கண்கள். அத்தனை கண்களும் அவருடைய வெள்ளை ஷூவைப் பார்த்தன. எனக்கும் தலை குனிந்தது. அவர் தப்பித்துப் போகிற மாதிரி இடது பக்கம் திரும்பினார், அங்கேயும் ஒருத்தி குனிந்திருந்தாள். கழுத்தில் தொங்கிய விசிலைப் பிடித்தார், விட்டார்.

இடது ஷூவின் குதிகால் மெல்ல எழும்பியது. பிறகு அந்தக் கால் பின்னால் போனது.

"தெரிஞ்சிடுச்சு சார்" என்றாள் துர்கா. நொண்டிக்கொண்டே போய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து காலை நீட்டினாள். அம்மா அந்தக் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது, நான் மறைக்கவும் இல்லை.

ஆட்டத்தில் தோற்றோம். விடுதிக்காரர்கள் எதிரணியிலிருந்து ஒருத்தியை எடுத்துக்கொண்டு போனார்கள். திரும்பும் பஸ்ஸில் பி.டி. சார் கடைசி சீட்டில் கால் இரண்டையும் மேலே தூக்கி மடக்கி வைத்துக்கொண்டு வந்தார். ஒரு பெண்ணும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆண்டிமடத்தில் இறங்கும்போது என்னிடம் மட்டும், "அந்தப் புள்ள என் காலப் பாத்துடுச்சு டீச்சர்" என்றார். அதைப் பெருமையாகச் சொன்னாரா, பயந்து சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு எங்கள் பள்ளியில் இருந்தவரை அவர் நின்றுகொண்டு பேசி நான் பார்த்ததில்லை. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்துதான் பேசுவார். அடுத்த கல்வியாண்டில் பெரம்பலூர்ப் பக்கம் மாறுதலில் போனார். எந்த ஊர் வேண்டும் என்று கேட்டிருப்பார்கள், நீங்க சொல்றதுதான் என்றிருப்பார்.

துர்காவை அம்மா கொட்டை உடைக்க அனுப்பவில்லை. எப்படியோ பள்ளியிலேயே தொடர வைத்தார், நாங்களும் சும்மா இருக்கவில்லை. கால் சேர்ந்துவிட்டது. இப்போது பன்னிரண்டாவது படிக்கிறாள், அணிக்கு அவள்தான் கேப்டன். புதிதாக வந்திருக்கும் பி.டி. மேடம் அந்த இரண்டு கம்பையும் பிடுங்கிப் பள்ளித் தோட்டத்து அவரைக்கொடிக்கு ஊன்றிவிட்டார்.

போன மாதம் பெரம்பலூரில் ஆட்டம். எங்கள் பஸ் மைதானத்து வாசலில் திரும்பும்போதே பார்த்துவிட்டேன். அதே வாசல் படி. அதே வெள்ளை ஷூ. பக்கத்தில் அவருடைய புதுப் பள்ளிப் பெண்கள் இரண்டு பேர், அவரைப் போலவே தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். துர்காவைப் பார்த்தேன். அவளும் பார்த்துவிட்டிருந்தாள்.

பஸ் நின்றது. துர்கா முதலில் படிக்கு வந்தாள். கடைசிப் படியில் ஒரு கணம் நின்று, இரண்டு கால்களையும் சேர்த்துக்கொண்டு தொப்பென்று மண்ணில் குதித்தாள். எந்தக் கால் முதலில் என்று பார்க்க எதுவும் இல்லை. அவளுக்குப் பின்னால் வந்தவளும் அப்படியே குதித்தாள். அதற்குப் பின்னால் வந்தவளும். பஸ்ஸிலிருந்த அத்தனை பேரும் ஒருத்திபோல ஒருத்தி இரண்டு காலும் சேர்த்துக் குதித்தார்கள். இதை இவர்களுக்கு அவள் எப்போது சொல்லிக்கொடுத்தாள் என்று எனக்குத் தெரியாது. கடைசியாக நான் இருந்தேன். இந்த வயதில் இந்தச் சேலையோடு நானும் குதித்தேன், செருப்பு அறுந்தது.

அவர் எங்களை நிமிர்ந்து பார்த்தார். அவர் கண்களை நான் முதன்முதலாக அன்றுதான் பார்த்தேன். சாதாரணக் கண்கள்தான். "வாங்க டீச்சர், டீயா காபியா?" என்று கேட்டுச் சிரித்தார்.

எங்களுக்குப் பின்னால் வேறு ஒரு பள்ளியின் பஸ் வந்து நின்றது. கதவு திறந்தது. உள்ளே பெண்கள் சிரித்துப் பேசிக்கொண்டு எழுந்தார்கள். அவர் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வாழைப்பழத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, முன்னால் குனிந்து உட்கார்ந்தார். பக்கத்திலிருந்த இரண்டு பெண்களும் குனிந்தார்கள்.